ரோபோகால் விதிகள்: கருத்துச் சொல்லும் கெடு நீண்டால் அந்த நாட்கள் யாருக்கு?

அமெரிக்காவின் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அவ்வப்போது இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் உத்தரவு வெளியிடும். ஒரு விதி முன்மொழிவின் மீது கருத்து அனுப்பக் கடைசி நாள் இன்ன தேதியாக இருந்தது, அதை இத்தனை நாள் தள்ளி வைக்கிறோம் என்பதுதான் அதில் இருக்கும் விஷயம். செய்திகளில் இது வராது. சிறிய தொலைபேசி நிறுவனங்களுக்காக இந்த ஆணையத்துக்கு மனுக்கள் எழுதிக் கொடுப்பது என் தொழில். எங்களைப் போன்றவர்கள் அந்த உத்தரவு வந்த அன்றே காலண்டரைத் திருத்திவிடுவோம். வீட்டில் நாளெல்லாம் ரோபோகால், அதாவது கணினி தானாகப் போடும் பதிவுக்குரல் அழைப்பு, வாங்கும் குடும்பத்துக்கு மட்டும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. கூடுதலாகக் கிடைத்த நாட்கள் சட்டப்படி அவர்களுக்கும் உரியவை.

முதலில் விதி எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். 1946-இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி, மத்திய அமைப்புகள் புதிய விதி கொண்டுவரும் முன் பொதுவாக முன்மொழிவை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். எஃப்.சி.சி. முன்மொழிவை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கெடு ஓடுவதில்லை. ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் அது அச்சான நாளிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கு. ஆணையம் ஓட்டெடுத்ததற்கும் அரசிதழில் வருவதற்கும் நடுவில் சில வாரங்கள் போய்விடுவது உண்டு. அப்புறம் கருத்துக்கு ஒரு கெடு, பெரும்பாலும் 30 நாள். பிறர் சொன்ன கருத்துக்குப் பதில் சொல்ல இரண்டாவது கெடு. இந்த இரண்டாவது கெடுவைப் பலர் கவனிப்பதே இல்லை. நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை மறுக்க அதுதான் சரியான இடம்.

ரோபோகால் விஷயத்தில் விதி எழுதும் வேலை முடிந்தபாடில்லை. 1991-இல் வந்த தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சம்மதமில்லாமல் வரும் பதிவுக்குரல் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் கேட்டு வழக்குப் போடும் உரிமையைத் தந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் நீதிமன்றம் அதை 1,500 டாலர் வரை உயர்த்தலாம். 2019 டிசம்பர் இறுதியில் ரோபோகாலைக் கட்டுப்படுத்த டிரேஸ்ட் சட்டம் வந்தது. அதன் வழியாக, அழைக்கும் எண் உண்மையானதா என்று நிறுவனங்கள் மின்னணுச் சான்று ஒட்டி அனுப்பும் ஸ்டிர்/ஷேக்கன் முறை 2021 ஜூன் 30-க்குள் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. சிறியவற்றுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. ஆனால் அந்தச் சான்று இணையவழிக் குரல் இணைப்புகளில்தான் பயணிக்கும். வழியில் எங்காவது அழைப்பை இணைக்கும் பழைய முறை கருவி, அதாவது ஸ்விட்ச், இருந்தால் அங்கேயே உதிர்ந்துவிடும். இந்த ஓட்டையை அடைக்க 2025 ஏப்ரலில் ஒரு முன்மொழிவு வந்தது. அழைப்பு வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டுமா, அப்படி வரும் அழைப்பு அமெரிக்க எண்ணைக் காட்டுவதைத் தடுக்கலாமா என்ற கேள்விகளோடு அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்று வந்தது.

இனி நீட்டிப்புக்கு வருகிறேன். ஆணையத்தின் நடைமுறை விதிகளில் 1.46 என்ற பிரிவின் முதல் வரியே, கால நீட்டிப்பை வழக்கமாகத் தருவதில்லை என்பதுதான் ஆணையத்தின் கொள்கை என்று சொல்கிறது. கேட்பவர் கெடுவுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே மனுப் போட வேண்டும். உரிய நேரத்தில் போட்ட மனு நிராகரிக்கப்பட்டால், அந்த முடிவு வந்தபின் 2 வேலை நாட்கள் வரை கருத்து அனுப்ப இடம் உண்டு. கெடு நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தானாகப் போய்விடும், அதற்கு மனுவே வேண்டாம். நீட்டிப்புக் கேட்பது பெரும்பாலும் தொழில் சங்கங்கள்தான். கிறிஸ்துமஸ் நேரம், ஒரே வாரத்தில் வேறு கெடுக்கள், அரசு முடக்கம், தொழில்நுட்பத் தகவல் திரட்ட வேண்டும் என்று காரணங்கள் வரும்.

இதில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்பே தவறு என்று நான் நினைக்கவில்லை. பழைய ஸ்விட்ச் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் சில ஆயிரம் இணைப்புகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், கருவி விற்பவரிடம் விலை வாங்கி, தன் நெட்வொர்க்கில் அது ஓடுமா என்று பார்த்துச் சொல்ல உண்மையிலேயே பல வாரம் ஆகும். அந்தத் தகவல் இல்லாமல் விதி எழுதினால், பின்னால் விலக்கு மேல் விலக்கு கொடுத்து விதியையே நீர்க்கச் செய்ய வேண்டி வரும். அங்கே நான்கு வாரம் கொடுப்பது நியாயம். ஆனால் ‘உறுப்பினர்களிடம் கலந்து பேச வேண்டும்’ என்ற ஒற்றை வரியோடு வரும் மனுவை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நாட்களுக்கான விலையை யாரோ ஒரு முதியவர் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார். இன்னொன்று, நீட்டிப்பு மனுவை எதிர்த்தும் எழுதலாம். அப்படி எழுதுபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

இரண்டு வகை நீட்டிப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருத்துக் கெடு நீண்டால் விதி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். அமலாக்கத் தேதி நீண்டால், எழுதிய விதி நடைமுறைக்கு வரவில்லை என்று பொருள். ஒரு படிவத்தில் கொடுத்த சம்மதத்தை வைத்துப் பல நிறுவனங்கள் அழைக்கக் கூடாது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சம்மதம் வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரில் நிறைவேறியது. 2025 ஜனவரி 27-இல் அமலாக வேண்டியது. ஜனவரி 24-ஆம் தேதி ஆணையம் அதைத் தள்ளி வைத்தது. அதே நாளில் 11-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு இதைச் செய்ய அதிகாரம் இல்லை என்று விதியையே ரத்து செய்தது. ‘விதி வந்தாச்சு, இனிமேல் அழைப்பு நிற்கும்’ என்று நம்பியிருந்த பலர் இன்னும் என்னிடம் கேட்கிறார்கள், ஏன் நிற்கவில்லை என்று.

சரி, கிடைத்த நாட்களில் என்ன எழுதுவது? ‘ரோபோகாலை நிறுத்துங்கள்’ என்ற ஒரு வரி பதிவில் சேரும், பயன் கொஞ்சம். கருத்துக் காலத்தில் வந்த முக்கியமான கருத்துகளை ஓர் அமைப்பு பரிசீலித்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. முக்கியம் என்றால் விதியின் ஏதாவது ஒரு கேள்வியைத் தொட வேண்டும். முன்மொழிவில் பத்திக்குப் பத்தி ஆணையம் கேள்வி கேட்டிருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவர் தன் சிறிய கிளினிக்கிலிருந்து நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் நினைவூட்ட அழைப்பார். அவர் எண் பலருடைய போனில் ‘ஸ்பேம்’ என்று காட்டியது. எந்த நிறுவனத்தின் போனில் எந்தத் தேதியில் அப்படிக் காட்டியது, யாரிடம் புகார் சொன்னார், முத்திரை போக எவ்வளவு நாள் ஆனது, எத்தனை பேர் வராமல் போனார்கள் என்று எழுதச் சொன்னேன். அரைப் பக்கம் வந்தது. தவறாக முத்திரை குத்தப்படும் சிறு தொழில்களுக்கு என்ன வழி என்று ஆணையம் கேட்கும்போது, அந்த அரைப் பக்கத்துக்கு நான் எழுதும் முப்பது பக்கத்தைவிட எடை அதிகம். அது அவர் வாழ்க்கையில் நடந்தது.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களிடம் சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணையே காட்டி, பாஸ்போர்ட்டில் பிழை, விசாவில் பிழை என்று பணம் பறிக்கும் அழைப்புகள் பற்றித் தூதரகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, குடியேற்றத் துறை என்றதும் பதறிப் போகிறார்கள். வெளிநாட்டு அழைப்புக்கு அடையாளம் வேண்டுமா என்ற கேள்விக்கு இந்தக் குடும்பங்களின் பதில் இருபக்கமும் முக்கியம். ஊரிலிருந்து நிஜமாகவே அழைக்கும் அக்காவின் போன் தடுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதையும் அவர்களைத் தவிர யார் சொல்வார்கள்?

‘நான் ஹெச்1பி-யில் இருக்கிறேன், நான் எழுதலாமா?’ என்று கேட்பார்கள். எழுதலாம். சட்டம் சொல்வது குடிமக்கள் என்று இல்லை, ‘அக்கறை உள்ளவர்கள்’ என்றுதான் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆணையத்தின் ஈ.சி.எஃப்.எஸ். என்ற தளத்தில் டாக்கெட் எண்ணை, அதாவது அந்த விஷயத்தின் கோப்பு எண்ணை, போட்டு நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். ரோபோகால் விஷயங்களில் பெரும்பாலானவை 17-59, 17-97, 02-278 என்ற எண்களில் ஓடுகின்றன. ஒரே முன்மொழிவு இரண்டு மூன்று எண்களில் பதிவாகியிருக்கலாம், முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு நாளில் கிழக்கு நேரப்படி நள்ளிரவோடு கணக்கு முடியும். கலிபோர்னியாவில் இருப்பவருக்கு அது இரவு 9 மணி.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் எழுதுவது, பெயரும் முகவரியும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கும். வங்கி எண், சோஷியல் செக்யூரிட்டி எண், விசா விவரம் எதையும் போடாதீர்கள். அம்மாவின் கதையை எழுதினால் அம்மாவின் பெயர் தேவையில்லை. பணம் இழந்தவர் புகார் பதிய ஆணையத்தின் நுகர்வோர் புகார்ப் பக்கம் தனியாக இருக்கிறது, அதையும் செய்யுங்கள். புகார் வேறு, விதி மீதான கருத்து வேறு.

யாராவது உங்கள் சார்பில் அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 2017-இல், எல்லாத் தளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதி மீது வந்த 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேலான கருத்துகளில் சுமார் 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கண்டது. அவற்றில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டவை பிராட்பேண்ட் துறையின் பணத்தில், வாடிக்கையாளர் தகவல் திரட்டி விற்கும் நிறுவனங்கள் மூலம் அனுப்பப்பட்டவை. நிஜ மனிதர்களின் பெயர்கள் அவர்களுக்கே தெரியாமல் பயன்பட்டன. உங்களை அழைக்கும் விற்பனையாளருக்கு உங்கள் எண் போய்ச் சேர்வதும் பல நேரம் இதே தகவல் வியாபாரத்தின் வழியாகத்தான். ஆணையத்துக்கு இன்று சொந்த வார்த்தையில் எழுதிய கருத்து அரிதாகவும் மதிப்புள்ளதாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெடுவைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த வகை நடைமுறைகளில் கெடு முடிந்த பிறகும் ஆணையத்துக்குக் கடிதம் எழுதலாம், அதிகாரிகளோடு பேசவும் செய்யலாம். அது டாக்கெட்டில் பகிரங்கமாகப் பதிவாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நேரில் பேசினால் என்ன பேசினீர்கள் என்பதை 2 வேலை நாளுக்குள் எழுதிப் பதிய வேண்டும். தொழில் சங்கங்கள் இந்த வழியை விடாமல் பயன்படுத்துகின்றன. 2017 முதல், மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும் விதிகளின் வரைவை ஆணையம் மூன்று வாரம் முன்பே வெளியிடுகிறது. அந்த வரைவைப் படித்து, உங்கள் கருத்துக்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எந்தப் பத்தியில் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டு உடனே ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். கூட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு இந்தக் கதவும் மூடிவிடும். ஆக, வரைவு கையில் கிடைத்த பிறகு உங்களிடம் இருப்பது இரண்டு வாரம்.