குழிக்குள் ஒரு திராட்சைக் கொடி: பாந்தெல்லேரியாவின் பாஸ்ஸீத்தோ உருவாகும் விதம்

சிசிலியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், துனீசியாவிலிருந்து சுமார் 70. இத்தாலிக்குச் சொந்தமானாலும் பாந்தெல்லேரியா ஆப்பிரிக்காவுக்குத்தான் பக்கம். உலர்த்திய திராட்சையைச் சேர்த்துச் செய்யும் பாஸ்ஸீத்தோ என்ற இனிப்பு ஒயின் இங்கே உருவாகிறது. 83 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு, ஆறு கிடையாது. மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் பெய்து முடிந்துவிடும். ஜூன், ஜூலையில் ஒரு தூறல் விழுந்தாலே செய்தி. இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, உப்பைச் சுமந்துகொண்டு கடலிலிருந்து அடிக்கும் காற்று. இந்தத் தீவில் ஓர் ஆரஞ்சு மரம் வளர்க்க ஆசைப்பட்டவர்கள் மரத்தைச் சுற்றி அதன் உயரத்துக்கே வட்டமாகக் கல்சுவர் எழுப்பினார்கள். திராட்சைக்கு அப்படிச் செடிக்கொரு சுவர் கட்டி மாளாது. அதனால் செடியையே தரைக்குள் இறக்கிவிட்டார்கள்.

ஒவ்வொரு கொடிக்கும் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓர் அகலமான குழி. அடித்தண்டைக் குட்டையாகவே வைத்து, அதிலிருந்து ஆறு கிளைகள் வரை சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி சுற்றிலும் படரவிடுவார்கள். கம்பியோ பந்தலோ முட்டுக்கோலோ கிடையாது. இந்த வடிவத்துக்கு ஆல்பெரெல்லோ, அதாவது ‘குட்டி மரம்’, என்று பெயர். குளிர்காலக் கவாத்தில் ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு மொட்டுகள் மட்டும் உள்ள கட்டையை விட்டுவிட்டு மீதியை வெட்டிவிடுகிறார்கள். 2014-இல் யுனெஸ்கோ தன் அருவ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த வேளாண் முறையைத்தான்.

குழி என்ன செய்கிறது? காற்று தரையோடு உரசும் இடத்தில் வேகம் இழக்கும். தரையிலிருந்து மேலே போகப் போக வேகம் கூடும். ஒரு மீட்டர் உயரத்தில் இலையைக் கிழிக்கும் காற்று, குழியின் விளிம்புக்குக் கீழே வெறும் அசைவாகிவிடுகிறது. தளிர் முறியாது என்பது இதில் சின்ன லாபம்தான். வறண்ட காற்று ஓயாமல் வீசினால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் நீர் மிச்சம், ஆனால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. சர்க்கரை உற்பத்தி நின்றுபோகும். குழிக்குள் இருக்கும் இலை கூடுதல் நேரம் துளைகளைத் திறந்து வைத்திருக்க முடிகிறது. அதுதான் பெரிய லாபம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. செடிக்குச் செடி சுமார் இரண்டு மீட்டர் இடைவெளி என்றால் ஒரு கொடியின் பங்கு 4 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் 40 லிட்டர் விழும். சரிவான நிலத்தில் அது ஓடிப்போகாமல் குழி பிடித்து வைக்கிறது. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண் நுண்துளை நிறைந்தது. குளிர்கால மழையை உறிஞ்சி ஆழத்தில் வைத்துக்கொள்கிறது. கோடையில் வேர் அங்கேதான் போய்க் குடிக்கும். படர்ந்த இலைகள் குழியை மூடி மண்ணுக்கும் குலைக்கும் நிழல் தருகின்றன. நேர் வெயிலில் தொங்கும் திராட்சையின் வெப்பம் சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரி வரை கூடும். தோல் வெந்து, பழுப்பாகி, பழம் சுருங்கிவிடும். ஆகவே குலைப்பக்கம் இலையை மிஞ்சிக் கிள்ளினால் கெட்டது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு: எல்லாமே குனிந்து செய்ய வேண்டிய வேலை. டிராக்டர் நுழையாது. மழையில் குழி மண்மேவி விடும். அதை வெட்டித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே பயிராவது ஸிபிப்போ. அரபு மொழியில் ‘ஸபீப்’ என்றால் உலர் திராட்சை. பெயரிலேயே பயன் இருக்கிறது. உலகம் இதை மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா என்று அறியும். பெரிய காய், தடித்த தோல், தாமதமாகப் பழுக்கும் குணம், வெப்பத்தைத் தாங்கும் உடம்பு. பலவீனம் பூக்கும் பருவத்தில்: அந்த நாட்களில் குளிரோ காற்றோ மிஞ்சினால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது, குலையில் பெரிய காயும் கடுகளவு காயும் கலந்து நிற்கும். அங்கேயும் குழி கை கொடுக்கிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இதற்கு நேர் வாரிசு. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம்; அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. ‘பன்னீர்’ என்ற பெயர் வேதியியல்படியும் பொருத்தம். ரோஜாவில் மணக்கும் ஜெரானியால், நெரால், கூடவே லினலூல் என்ற டெர்பீன் சேர்மங்கள்தான் இந்தக் குடும்பம் முழுவதற்கும் வாசனை தருகின்றன. தோலில்தான் அவை அதிகம். வளர்க்கும் முறை மட்டும் நேரெதிர். கம்பத்தில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் ஈரக்காற்றும் உண்டு. கொடி தரையோடு கிடந்தால் பூஞ்சை தின்றுவிடும் என்பதால் பந்தலில் ஏற்றுகிறார்கள். பாந்தெல்லேரியாவில் அந்த வறட்டுக் காற்றே பூஞ்சையை அடக்கி வைக்கிறது. அதனால்தான் கொடியைக் குழியில் விட முடிகிறது.

ஆகஸ்ட் வரை நீரைச் சேர்ப்பதே வேலை. அதன்பின் வேலை தலைகீழ்: பழத்திலிருந்து நீரை வெளியேற்றுவது. கடலோரத்துச் சூடான தோட்டங்களில் முதலில் பழுக்கும் குலைகளை ஆகஸ்டில் பறித்து, வெயில் பார்த்த களங்களில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புகிறார்கள். மூன்று நான்கு வாரம் காய வேண்டும். பழத்தோலின் மேல் செதில் செதிலாக மெழுகு படிந்திருப்பதால் நீர் மெதுவாகத்தான் வெளியேறும். உலர் திராட்சை ஆலைகளில் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த கரைசலில் முக்கி இந்த மெழுகுத் தடையைத் தளர்த்தி, காய்வதை விரைவாக்குவார்கள். பாஸ்ஸீத்தோவுக்கு அவசரம் உதவாது. மெல்லக் காயும்போதுதான் தோல் செல்கள் உடைந்து நொதிகள் வேலை செய்கின்றன, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிகின்றன. பச்சைத் திராட்சையின் பூவாசம் தேனும் உலர்ந்த ஆப்ரிகாட்டுமாக மாறுகிறது.

100 கிலோ பழத்தில் 22 கிலோ சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 65 கிலோ நீர் போனால் மிஞ்சும் 35 கிலோவில் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. அந்த நிலையில் எந்தப் பூஞ்சையும் எளிதில் வளராது. ஆபத்து முதல் வாரத்தில்: பழம் இன்னும் ஈரம், தோலில் எங்காவது வெடிப்பு, இரவில் பனி. ஆஸ்பர்ஜில்லஸ் கார்பனேரியஸ் என்ற கறுப்புப் பூஞ்சை புகுந்தால் ஓக்ராடாக்சின் ஏ என்ற நச்சு சேரும். ஒயினில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். அதனால் அந்தி சாய்ந்ததும் மூடுவது, காலையில் திறப்பது, அவ்வப்போது குலைகளைப் புரட்டுவது, வெடித்த காயைப் பொறுக்கி எறிவது என்று களத்தில் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

செப்டம்பரில் இரண்டாவது அறுவடை. உயரமான தோட்டங்களில் பழுத்த புதுப் பழத்தைப் பிழிந்து சாறை நொதிக்க வைக்கிறார்கள். காய்ந்த திராட்சையைக் காம்பு நீக்கி (காம்பு சேர்ந்தால் துவர்ப்பும் பச்சை வாடையும் ஏறும்) அந்தச் சாற்றில் கொஞ்சம் கொஞ்சமாக, பல தவணையாகச் சேர்க்கிறார்கள். ஏன் மொத்தமாகக் கொட்டக் கூடாது? காரணம் ஈஸ்ட்.

சர்க்கரை மிகுந்த கரைசலில் ஈஸ்ட் செல்லிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுகிற அதே சவ்வூடு பரவல். தப்பிக்க ஈஸ்ட் தனக்குள் கிளிசரால் தயாரித்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. கிளிசரால் தயாரித்தால் செல்லின் ஆக்சிஜனேற்றச் சமநிலை குலையும். அதைச் சரிக்கட்ட அசிட்டிக் அமிலத்தை வெளியே தள்ளும். விளைவு, ஒயினில் வினிகர் நெடி. நிலைமை இன்னும் மோசமானால் நொதித்தல் பாதியிலேயே படுத்துவிடும். தவணையாகச் சேர்த்தால், முந்தைய தவணைச் சர்க்கரையில் ஒரு பகுதி ஆல்கஹாலான பிறகுதான் அடுத்தது வருகிறது, ஈஸ்ட் தாக்குப்பிடிக்கிறது.

கணக்கைத் தொடர்ந்தால்: 100 லிட்டர் சாற்றில் சுமார் 24 கிலோ சர்க்கரை. மேலே சொன்ன 35 கிலோ உலர் பழத்திலிருந்து இன்னொரு 22 கிலோ. மொத்தம் 46 கிலோ, கொள்ளளவு 122 லிட்டர்போல. லிட்டருக்குச் சுமார் 377 கிராம். 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹால் தரும். முழுவதும் நொதித்தால் 22 சதவீதம் வர வேண்டும். ஆனால் 14, 15-ஐத் தொட்டதும் ஈஸ்ட் ஓய்ந்துவிடுகிறது. 14-இல் நின்றால் லிட்டருக்கு 140 கிராம் அளவுக்குச் சர்க்கரை நொதிக்காமல் தங்கும். பாஸ்ஸீத்தோவின் இனிப்பு இப்படி மிஞ்சியதுதான், வெளியிலிருந்து சேர்த்ததில்லை.

இவ்வளவு இனிப்பு திகட்டாமல் இருக்க அமிலம் வேண்டும். வெப்ப நாடுகளில் அதுதான் தகராறு: பழம் பழுக்கும்போது மாலிக் அமிலத்தைச் சுவாசத்துக்கே எரித்துவிடும், இரவும் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. செப்டம்பர்ச் சாறு உயரமான தோட்டங்களிலிருந்து வருவதால் கொஞ்சம் அமிலத்தோடு வருகிறது. உலர் பழம் இனிப்பையும் வாசனையையும் கொண்டுவர, புதுச்சாறு புளிப்பைக் கொண்டுவருகிறது. தேர்ந்த கை எது என்பது இந்த இரண்டின் விகிதத்தில் தெரிந்துவிடும். வெறும் பாகு போலக் குடிக்க முடியாத பாஸ்ஸீத்தோக்களும் விற்பனையில் உண்டு. பெரும்பாலும் அமிலம் போதாத சாறுதான் காரணம்.

வாங்கினால் அரைப் பாட்டில் போதும். 12 முதல் 14 டிகிரிக்குக் குளிரவைத்துச் சின்னக் கிளாஸில் ஊற்றுங்கள். அதைவிடக் குளிர்ந்தால் வாசனை எழாது, சூடானால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். திறந்த பாட்டிலை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் சாதாரண வெள்ளை ஒயினைவிடக் கணிசமாக அதிக நாள் தாங்கும்.