கேப்டனுக்கு உங்கள் அம்மாவைத் தெரியுமா?

"தம்பி, நீங்க இங்க நிக்கிறீங்களே, கப்பல யாரு ஓட்டிக்கிட்டிருக்கா?"

கேட்டவர் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர். எழுபதைத் தாண்டிய வயது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. இரண்டாம் நாள் மாலை கேப்டன் பார்ட்டி. வெள்ளைச் சீருடை, தோளில் நான்கு தங்கப் பட்டை என்று கேப்டன் நடுக்கூடத்தில் நிற்க, அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை படிக்கட்டைச் சுற்றி வளைந்து போயிருந்தது. ஆச்சியின் கேள்வியைக் கேட்டு மகனுக்குக் கூச்சம். "ஆத்தா, சும்மா இருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். பின்னால் நின்ற சிலர் சிரித்தார்கள்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கேப்டன் சிரிக்கவில்லை. மேலே கையைக் காட்டி, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் இப்போது முறைப் பணியில் (வாட்ச்சில்) இருப்பவர்கள் யார் யார், எந்த நிலைமையில் அவர்கள் தன்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் தான் எந்த வழியாக மேலே ஓடுவேன் என்று நிதானமாகச் சொன்னார். இடுப்பில் இருந்த போனையும் தொட்டுக் காட்டினார். ஆச்சி கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டியது.

பயணக் கப்பல்களில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். கடைசி ஐந்து ஆண்டுகள் சேஃப்டி ஆபீசர் வேலை. இப்போது கரையில், கப்பலுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சொந்தக்காரர்களோ தெரிந்தவர்களோ குரூஸ் போகிறார்கள் என்றால் என்னிடம் வரும் முதல் கேள்வி, "கேப்டனைப் பார்க்க முடியுமா?" என்பதுதான். முடியும். பெரும்பாலான கப்பல்களில் ஒரு மாலை வரவேற்பு உண்டு. அடிக்கடி வருகிறவர்களுக்குத் தனி அழைப்பும் வரும். இளைஞர்கள் இதில் பெரிதாக அக்கறை காட்டுவதில்லை, அவர்கள் நீச்சல் குளத்தில் இருப்பார்கள். முதல் முறை வரும் குடும்பங்களுக்கும், இருபது முப்பது முறை வந்து பழகிய பெரியவர்களுக்கும்தான் ஆசை அதிகம். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். சில ஆயிரம் உயிர்களைக் கையில் வைத்திருக்கும் மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பது நல்ல உணர்வு.

ஆனால் அதே மனிதர்கள் முதல் நாள் மஸ்டர் டிரில்லில், அதாவது அவசரகால ஒத்திகையில், எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். என் கவலை அங்கேதான்.

அந்த ஆச்சியின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெரினா பே குரூஸ் சென்டரில் மதியம் ஏறினார்கள், மொத்தம் ஒன்பது பேர். கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் டிரில் சுருங்கிவிட்டது. போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, அவசர நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய்க் கார்டை ஸ்கேன் செய்தால் போதும். மகன் மட்டும் ஒன்பது கார்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க சார், நீங்களே ஸ்கேன் பண்ணிடுங்க." முடியாது, ஒவ்வொருவரும் வர வேண்டும் என்றேன். முகம் சுருங்கியது. ஒவ்வொருவராக வந்தார்கள். ஆச்சி கடைசியில், லிஃப்ட்டில் வந்து இறங்கினார். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரண்டு முட்டியும் போய்விட்டன.

"ஆச்சி, படி இறங்க முடியுமா?"

"ஏற முடியாது தம்பி. இறங்குறது அதவிட மோசம். உக்காந்து உக்காந்துதான் இறங்கணும்."

அவர்களுடைய கேபின் பத்தாவது டெக்கில். மஸ்டர் ஸ்டேஷன் நான்காவதில். தீ விபத்திலோ மின்சாரம் போனாலோ லிஃப்ட்டை நம்ப முடியாது, படிதான். ஆறு மாடிப் படியை ஆச்சி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டும், மேலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி வரும் நேரத்தில். புக்கிங்கில் 'உதவி தேவைப்படுமா' என்ற கட்டத்தை மகன் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார். அதை நிரப்பினால் கப்பலில் ஏற்ற மறுத்துவிடுவார்களோ என்று பயம். அம்மாவை நோயாளி என்று எழுதிக் கொடுப்பதில் மனசுக்குச் சங்கடமும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தத்துக்கு சோலாஸ் என்று பெயர். கப்பல் கிளம்பும் முன் ஏறியவர்களின் எண்ணிக்கையை எடுக்க வேண்டும். அவசர நேரத்தில் தனிக் கவனிப்புத் தேவை என்று தெரிவித்தவர்களின் விவரத்தைப் பதிவு செய்து, புறப்படும் முன்பே கேப்டனுக்குக் கொடுக்க வேண்டும். இது அதில் உள்ள கட்டாயம். 'தெரிவித்தவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் சொன்னால்தான் பட்டியலில் பெயர் வரும். சொன்னால், அபாய மணி அடிக்கும்போது இன்ன கேபினுக்கு இன்னார் போக வேண்டும், படியில் இறக்கும் மடக்கு நாற்காலியை இன்னார் தூக்கி வர வேண்டும் என்று ஆள் பிரித்து வைத்துவிடுவோம். அன்று மாலை கயிறு அவிழ்க்கும் முன் ஆச்சியின் பெயர் பிரிட்ஜுக்குப் போனது.

மறுநாள் பார்ட்டியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த கேப்டன் என்னைப் பார்த்து, "பத்தாவது டெக்கா?" என்றார். ஆமாம் என்றேன். ஆச்சியிடம் திரும்பி, "மணி அடித்தால் கேபினிலேயே இருங்கள். இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும்" என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

நீங்கள் கேப்டனைப் பார்ப்பதைவிட அவருக்கு உங்களைத் தெரிந்திருப்பது முக்கியம் என்று நான் வகுப்பில் சொல்வது இதை வைத்துத்தான். எண்ணிக்கையையும் யோசித்துப் பாருங்கள். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் முழுக் கொள்ளளவுக்கு ஏறினால் பயணிகள் மட்டும் ஏறக்குறைய 7,600 பேர். கேப்டன் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால்கூடச் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் ஐந்து நாளுக்கு மேல் ஆகும். கப்பல் அதிகாரிகளுக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது சர்வதேச விதி. இரவு எட்டு மணிக்கு உங்களோடு போட்டோவுக்கு நிற்பவர், விடியற்காலை, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறும் நேரத்தில் பிரிட்ஜில் இருந்தாக வேண்டும். மலாக்கா நீரிணை, சிங்கப்பூர் நீரிணை போன்ற நெரிசலான இடங்களில் ராத்திரியிலும் அவர் மேலேதான். ஒரு வாரத்தில் கேப்டனை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்றால் அது உங்களுக்கு அவமரியாதை இல்லை.

பழைய காலத்தில் அட்லாண்டிக் கப்பல்களில் கேப்டனோடு ஒரே மேஜையில் சாப்பிடுவது பெரிய கௌரவம். டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய 1912 ஏப்ரல் 14 இரவுகூட, பிலடெல்பியாவின் வைடனர் குடும்பம் கேப்டன் எட்வர்ட் ஸ்மித்துக்கு விருந்து வைத்திருந்தது. ஒன்பது மணிக்குச் சற்று முன் அவர் எழுந்து பிரிட்ஜுக்குப் போனார். மோதியது 11.40-க்கு. விருந்தால் கப்பல் மூழ்கியது என்று நான் சொல்ல வரவில்லை. கேப்டனோடு கைகுலுக்கிய பழக்கத்தால் மட்டும் படகில் இடம் கிடைத்துவிடாது. விருந்து வைத்த ஜார்ஜ் வைடனரும் அவர் மகனும் அன்று இறந்துபோனார்கள்.

கோஸ்டா கான்கார்டியா இன்னும் நெருக்கமான பாடம். 2012 ஜனவரி 13. இத்தாலியின் சிவிடவெக்கியாவில் மாலை கிளம்பிய கப்பல், ஜிலியோ தீவுக்கு வெகு அருகே போய் 'வணக்கம்' வைக்கும் ஆசையில் பாதை மாறி, இரவு 9.45 வாக்கில் பாறையில் உரசியது. கப்பலில் 4,200-க்கும் மேற்பட்டவர்கள். பயணிகளிடம் மின்சாரக் கோளாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. 32 பேர் இறந்தார்கள். கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ பயணிகள் இறங்கி முடியும் முன்பே கப்பலை விட்டுப் போயிருந்தார். அவருக்கு 16 ஆண்டுச் சிறை. அன்று மாலைதான் ஏறியவர்கள் அறுநூறுக்கும் மேல், அவர்களுக்கு டிரில் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. 2015 ஜனவரி 1 முதல் அது மாறியது. கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். நாம் 'போர் அடிக்குது' என்று முனகும் அந்த டிரில்லுக்குப் பின்னால் 32 பேரின் சாவு இருக்கிறது. கார்டுகளை மொத்தமாக நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பிரிட்ஜைச் சுற்றிக் காட்டச் சொல்லி வற்புறுத்துவதும் நல்லதல்ல. ஜிலியோ இரவில் வேலைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் பிரிட்ஜில் இருந்தார்கள். அதற்குப் பிறகு துறைமுகத்தில் நுழையும்போது, வெளியேறும்போது, நெரிசலில் போகும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்று கட்டுப்பாடு இறுகியது. "தம்பி, தெரிஞ்சவருன்னு உங்ககிட்ட கேக்கறேன், அஞ்சு நிமிஷம் உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மறுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

கேப்டனை உண்மையில் பழகிக்கொள்ள ஒரு வழி உண்டு, அவருடைய குரல். தினமும் ஸ்பீக்கரில் வரும் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலைத் தனிமைப்படுத்தினார்கள். உள்ளே 3,711 பேர், எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா. இந்தியர்கள் 138 பேர், அதில் 132 பேர் ஊழியர்கள். கேபினை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்குக் கேப்டன் ஜென்னாரோ அர்மாவை ஸ்பீக்கர் வழியாகத்தான் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். மார்ச் 1-ஆம் தேதி கப்பலிலிருந்து கடைசியாக இறங்கியவர் அவர்தான்.

எங்கள் பயணத்திலும் அந்தக் குரல் தேவைப்பட்டது. மே மாதம், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். புக்கெட்டில் படோங் விரிகுடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சிறு படகில்தான் ஆட்களை இறக்க வேண்டும். காலையில் அலை ஏறி ஏறி இறங்கியது. பக்கவாட்டுக் கதவருகே படகு ஒரு ஆள் உயரத்துக்கு மேலே வருவதையும் கீழே போவதையும் நான் நின்று பார்த்தேன். அந்த இடைவெளியில் ஒரு கால் மாட்டினால் போச்சு. கேப்டனே இறங்கி வந்து பார்த்தார், மேலே போனார், புக்கெட் ரத்து என்று அறிவித்தார். பாதுகாப்பு விஷயத்தில் கேப்டனின் முடிவைக் கம்பெனியே தடுக்க முடியாது, அந்த அதிகாரத்தைச் சர்வதேச விதிகள் அவருக்கே கொடுத்திருக்கின்றன. கீழே கவுண்டரில் ஒரே கூச்சல். முந்தின நாள் அவரோடு சிரித்துப் போட்டோ எடுத்தவர்களே பணத்தைத் திருப்பிக் கேட்டு மேஜையைத் தட்டினார்கள். கவுண்டரில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஆச்சியின் மகனும் அங்கே வந்தார். நானும் கூச்சலை எதிர்பார்த்தேன். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வருஷம் மாமனாரையும் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம் சார். அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. அந்த மணி அடிச்சா எப்படித் தெரியும்?" என்றார்.

ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதுதான் அபாய அறிவிப்பு. காது கேளாதவர்களுக்கு வெளிச்சம் மின்னும் கருவியும், தலையணைக்கு அடியில் அதிரும் கருவியும் பல கப்பல்களில் உண்டு. எண்ணிக்கை குறைவு, புக்கிங்கின்போதே கேட்டு வைக்க வேண்டும். ஏறியதும் கவுண்டரில் போய் மறுபடி நினைவுபடுத்த வேண்டும், கருவி வேலை செய்கிறதா என்று கேபினில் ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ராத்திரி ஆக்சிஜன் மெஷின் போடுகிறவர், சக்கர நாற்காலிக்காரர், கூட்டத்தில் மிரளும் பிள்ளை, கர்ப்பிணி என்று எது இருந்தாலும் இதே வழிதான். சின்னப் பிள்ளைகளுக்கு மஸ்டர் ஸ்டேஷன் எழுத்து போட்ட கைப்பட்டையும் கேட்டு வாங்கலாம்.

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, போட்டோ கேலரியில் வாங்கிய அந்தப் படத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். முன்பக்கத்தில் ஆச்சியும் கேப்டனும் நின்றார்கள்.