இன்னொருவரின் குரலைத் தம் தொண்டையில் தேடுவோருக்கு

சென்ற மார்கழியில், கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதராக நடிக்கவிருந்த மாணவர் ஒருவர், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தாயாருடன் குன்னூரில் உள்ள என் குரல் சிகிச்சை அறைக்கு வந்தார். அவர் பேச முயன்றபோது பாதி காற்றும் பாதி கரகரப்புமாக வந்தது. “ஆறு வாரமா இப்படித்தாங்க மேடம். கஷாயம் குடுத்தோம், நீலகிரித் தைலம் போட்டு ஆவி புடிச்சோம். சளிதான்னு நெனச்சுட்டோம்” என்றார் தாயார். காது மூக்குத் தொண்டை மருத்துவரின் பரிசோதனையில், இரண்டு குரல்நாண்களிலும் நேருக்கு நேராகச் சிறு முடிச்சுகள் எழும்பியிருந்தது தெரிந்தது. மாணவரின் இசைவோடுதான், யாரென்று தெரியாத வகையில், இதை எழுதுகிறேன்.

பாகவதரின் பதிவை ஒலிக்கவிட்டு உதட்டை மட்டும் அசைத்திருக்கலாமே என்று கேட்டேன். இப்போதெல்லாம் பாடகர்களின் வாழ்க்கைப் படங்களில் நடிகர்களே பாடுகிறார்கள், அப்படிப் பாடுவதுதான் உண்மையான நடிப்பு என்று அவர் எழுதிக் காட்டினார். இரண்டு மாதமாக, இரவு உணவுக்குப் பின், விடுதி மொட்டைமாடியில் நின்று, காதில் பாகவதரைக் கேட்டபடி நாள்தோறும் மூன்று மணி நேரம் பாடியிருக்கிறார். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அதே நம்பிக்கையோடு வரும் இளைஞர்களை இந்த மலையில் தொடர்ந்து பார்க்கிறேன்.

நம்பிக்கையில் பாதி சரி. ஹாலிவுட்டில், பாடகி லொரெட்டா லின்னாக 1980இல் நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்கும், ஜூன் கார்ட்டராக 2005இல் நடித்த ரீஸ் விதர்ஸ்பூனும், ஜூடி கார்லண்டாக 2019இல் நடித்த ரெனே ஸெல்வெகரும் தாமே பாடித்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார்கள். ஆனால் 2004இல் ரே சார்ல்ஸாக நடித்த ஜேமி ஃபாக்ஸ், பாடல்களில் பெரும்பாலும் ரே சார்ல்ஸின் சொந்தப் பதிவுகளுக்கே வாயசைத்தார். 2007இல் எடித் பியாஃபாக நடித்த மாரியோன் கொத்தியாரும் பெரும்பாலும் பிறர் குரலுக்கே வாயசைத்தார். இருவருக்கும் நடிப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. வாயசைப்பது தாழ்ந்த நடிப்பு என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மேலும், திரையில் நாம் கேட்பது பல வேளைகளில் ஒரே தொண்டையிலிருந்து வருவதன்று. 2018இல் ஃப்ரெடி மெர்குரியாக வந்த ராமி மாலிக்கின் பாடல்களில் மெர்குரியின் பழைய பதிவுகளும், அவரைப் போலவே பாடக்கூடிய மார்க் மார்ட்டெல் என்ற பாடகரின் குரலும் கலந்திருந்தன. 2024இல் மரியா காலஸாக நடித்த ஏஞ்சலினா ஜோலி மாதக்கணக்கில் ஓபரா பயின்றார். அப்படிப் பயின்ற பிறகும் காலஸின் குரலோடு கலந்தே அவர் குரல் படத்தில் ஒலித்தது. அந்தக் கலவையை ஒரே மனிதர் பாடியதாக எண்ணிக்கொண்டு, அதைத் தனியாகத் தம் தொண்டையில் உண்டாக்க முயல்வது என்னிடம் வரும் இளைஞர்களுக்கு நேரும் முதல் ஏமாற்றம். இரண்டாவது, காலக் கணக்கு. பாப் டிலனாகப் பாடிய டிமத்தி ஷாலமேக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தயாரிப்புக்குக் கிடைத்தன. எல்விஸ் பிரெஸ்லியாக 2022இல் நடித்த ஆஸ்டின் பட்லரோ, பயிற்சியாளர்கள் உடனிருந்தும், அவ்வளவு பாடியதில் தம் குரல்நாண்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும், ஒரு பாடலை மட்டும் 40 முறை பாட வேண்டியிருந்தது என்றும் தாமே சொன்னார்.

நம் சினிமாவின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. நடிகரைப் பாடகராக்கவில்லை, பாடகரையே நடிக்க வைத்தார்கள். பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலேயே பாடி உரம் ஏறிய குரலோடு திரைக்கு வந்தவர்கள். 1945இல் மீராவாக நடித்தபோது எம்.எஸ். சுப்புலட்சுமி ஏற்கெனவே புகழ்பெற்ற கச்சேரிக் கலைஞர். 1964இல் அருணகிரிநாதராக நடித்துப் பாடிய டி.எம். சௌந்தரராஜனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அந்தக் குரல்களுக்குப் பின்னால் சிறு வயது முதல் செய்த சாதகம், அதாவது அன்றாடப் பாட்டுப் பயிற்சி, இருந்தது. அதைப் படத்தில் பார்க்க முடியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

குரல்நாண்கள் என்பவை குரல்வளைக்குள் முன்னும் பின்னுமாகக் கிடக்கும் இரண்டு மெல்லிய மடிப்புகள். வளர்ந்த ஆண்களுக்கும் அவற்றின் நீளம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. சாதாரணப் பேச்சில் ஆண்களின் மடிப்புகள் நொடிக்கு நூறு முறைக்குச் சற்று மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஐந்து கட்டை சுருதியில் (கட்டை என்பது பாடுபவர் தேர்ந்துகொள்ளும் அடிப்படைச் சுருதியின் உயரம்) தாரஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, பிடித்து நிற்கும் ஆணுக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 390. ஒரு நிமிடம் நின்றால் 23,000 முறைக்கு மேல். மோதல் மிகுதியாக விழும் இடம், மடிப்பின் முன் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம். அழுத்திப் பாடும்போது அங்கேதான் முதலில் வீக்கமும், பிறகு காய்ப்புப் போன்ற முடிச்சும் வருகின்றன. மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையில் காய்ப்பு வருவதை இங்கே எல்லோரும் அறிவார்கள். தொண்டைக்குள் வருவதைக் கண்ணால் காண முடியாததால் சளி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒருவரின் குரல் தன்மை அவருடைய மடிப்புகளின் நீளம், பருமன், தொண்டையும் வாயும் அமைந்த விதம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கனத்த குரல் உடையவர் பாகவதரின் மேல்ஸ்தாயிக் கணீரென்ற நாதத்தைப் பெற முயன்றால், தொண்டைத் தசைகளை இறுக்கி, குரல்வளையை மேலே தூக்கி, மூச்சை முட்டித் தள்ளுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கரகரப்பான குரலைப் போலி செய்பவர்கள் நிலையும் இதுவே. பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை நீட்டுகிறார், எந்தச் சொல்லை உதிர்க்கிறார், கமகத்தின்போது, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும்போது, தலையும் கையும் எப்படி அசைகின்றன என்பவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பின்பற்றலாம். அவற்றால் காயம் ஏற்படாது. ரசிகர் அடையாளம் கண்டுகொள்வதும் பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான் என்பது என் அனுபவம்.

நம் மலையின் தட்பவெப்பம் இதைக் கடினமாக்குகிறது. மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும் இரவுகளில், குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அந்தக் காற்று மூச்சுக்குழலில் சூடேறும்போது, அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குரல்நாண்களின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலம் தடித்துப் பிசுபிசுக்கும்போது உராய்வு கூடுகிறது. குளிரில் தாகம் எடுக்காததால் நாமும் தண்ணீர் குடிப்பதில்லை. தேநீரோடு நாள் முடிந்துவிடுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதும், படுகரின் ஹெத்தை ஹப்பா திருவிழா, கிறிஸ்துமஸ் கீத பவனி என்று இரவெல்லாம் திறந்த வெளியில் பாடுவதும் ஒரே மாதங்களில் வருகின்றன. தைலத்தை நேரடியாக முகரும் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது மூக்கை அடைப்பின்றி உணரச் செய்யுமே தவிர, குரல்நாணைக் குணப்படுத்தாது. வெறும் நீராவி போதும்.

வேடத்துக்காகப் பாட விரும்புவோரை நான் தடுப்பதில்லை. பாடலை உங்கள் கட்டைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் இருபது நிமிடம் பாடினால் அதே அளவு நேரம் வாய் மூடி இருங்கள். தொடங்கும் முன், தண்ணீருள்ள டம்ளரில் ஸ்ட்ராவை வைத்து, குமிழி வரும்படி மெல்லக் குரல் கொடுங்கள். மடிப்புகள் பலமாக மோதாமல் அதிரப் பழகுவதற்கு இதைவிட எளிய வழியை நான் அறியேன். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள். பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்குகிறது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பாடும்போதே திடீரென்று குரல் அற்றுப்போனால் குரல்நாணில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கலாம். அந்த நொடியே பாட்டை நிறுத்தி, பேச்சையும் நிறுத்தி, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். விழா நாளை என்றாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அந்த மாணவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பெரும்பாலான முடிச்சுகள் பயிற்சியிலேயே கரைந்துவிடுகின்றன. முதல் வாரம் பேச்சைக் குறைத்தார்; பிறகு வாரம் இருமுறை வந்தார். ஆண்டு விழா பங்குனிக்குத் தள்ளிப்போனது அவருக்கு நல்லதாயிற்று. ஐந்து கட்டையில் பாட முயன்ற பாடலை மூன்று கட்டைக்கு இறக்கி, இரண்டு சரணத்தில் ஒன்றை மட்டும் பாடினார். மற்றதற்குப் பாகவதரின் பதிவே ஒலித்தது, அவர் வாயசைத்தார். அரங்கின் கடைசி வரிசையில் அவருடைய தாயாரோடு உட்கார்ந்து கேட்டேன். எந்தச் சரணம் மகனுடையது என்று அவர் என்னிடம் கேட்டார்.