குடிக்க நல்ல தண்ணீர் கணினிக்கு ஆகாது

போன வாரமும் பழுதுபார்க்க ஒன்று வந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகனும் அவனுடைய அப்பாவும் சேர்ந்து தூக்கி வந்த மேசைக் கணினி. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே செயலியைக் குளிர்விக்க நீலத் திரவம் ஓடும் குழாய்கள். விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் செயலியின் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டு, கணினி தானாகவே அணைந்துவிடுகிறது என்றார்கள். உள்ளே என்ன ஊற்றினாய் என்று கேட்டேன். "குழாய்த் தண்ணீர்தான் அங்கிள். கேக்குக்குப் போடும் நிறம் கொஞ்சம் கலந்தேன்" என்றான். அப்பா உடனே பரிந்து பேசினார்: "சிங்கப்பூர்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறோமே தம்பி, கணினிக்கு மட்டும் என்ன கெடுதல்?"

வாட்டர் பிளாக்கைக் கழற்றிக் காட்டினேன். செயலியின் மேல் உட்காரும் செம்புத் தகட்டில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வரிவரியாகத் துடுப்புகள் வெட்டப்பட்டிருக்கும். திரவம் அந்த இடுக்குகளுக்குள் ஓடித்தான் வெப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தகட்டில் இடுக்கு என்று எதுவுமே தெரியவில்லை. வெள்ளையும் நீலமும் கலந்த கொழகொழப்பான கூழ் அத்தனையையும் அடைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷால் ஒரு வரிசையைத் தேய்த்த பிறகுதான் செம்பு கண்ணில் பட்டது, அதுவும் கறுத்துப்போய். திரவம் ஏந்தி வரும் வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரைக் கவிழ்த்துக் குலுக்கியபோது வெள்ளைத் துகள்கள் கொட்டின.

அந்த அப்பா கேட்ட கேள்வியை இந்த ஆண்டு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். கிருமி வளராமல் இருக்க அதில் குளோரமின் சேர்க்கிறார்கள், பல் சொத்தையாகாமல் இருக்க ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். இவை போகக் கால்சியம், சோடியம், குளோரைடு என்று பலவும் அதில் கரைந்திருக்கின்றன. மனிதருக்கு அவற்றால் தீங்கில்லை, உலோகத்துக்கு உண்டு. கரைந்த உப்புகள் இருந்தால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். குறிப்பாகக் குளோரைடு, அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

"அப்படியென்றால் கொதிக்கவைத்து ஊற்றுகிறேன்" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு உப்பின் செறிவு கூடவே செய்யும். "வீட்டில் வடிகட்டி இருக்கிறது" என்பார்கள். சமையலறைக் குழாயில் மாட்டும் கரி வடிகட்டி வாடையையும் குளோரினையும் நீக்கும், கரைந்த உப்பைத் தொடாது. தாது நீர்ப் புட்டியை வாங்கி ஊற்றியவரும் உண்டு. விலை கொடுத்து உப்பை வாங்கி ஊற்றுகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நம் புதுநீர் (NEWater), குழாய்த் தண்ணீரைவிடத் தூய்மையானது. ஆனாலும் மின்சில்லு ஆலைகள் அதை வாங்கி, மேலும் சுத்திகரித்த பிறகே பயன்படுத்துகின்றன. குடிக்கும் தரம் வேறு, இயந்திரம் கேட்கும் தரம் வேறு. தயவுசெய்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பையனின் கணினியில் தண்ணீர் பாதிக் குற்றவாளிதான். மீதிப் பாதி ரேடியேட்டர். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருந்தான்; அது அலுமினியம். பிளாக்கோ செம்பு. இரண்டையும் உப்புக் கரைந்த ஒரே தண்ணீரில் இணைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளி வேதியியல் போதும்: அது ஒரு மின்கலம். அலுமினியம் கரைந்துகொண்டே போகும். செம்பிலிருந்து பிரியும் அயனிகள் அலுமினியத்தின் மேல் படிந்து அரிப்பை இன்னும் விரைவாக்கும். இடுக்குகளில் நான் பார்த்த கூழ் பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு. பம்ப் நன்றாகவே ஓடியது, திரவம் போக வழிதான் இல்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் என்னை மடக்குவார்கள். கடையில் மூடி முத்திரையிட்டு விற்கும் ஆல்-இன்-ஒன் குளிர்விப்பான்கள் பலவற்றிலும் ரேடியேட்டர் அலுமினியம்தானே, தகடு செம்புதானே என்று. உண்மைதான். ஆனால் அவற்றுக்குள் அரிப்புத் தடுப்பான் கலந்த திரவத்தை அளவாக நிரப்பி, காற்றுப் புகாமல் மூடியிருக்கிறார்கள். அந்தத் தடுப்பான் இருக்கும்வரைதான் இரண்டு உலோகங்களுக்கும் சமாதானம். திரவம் குறைந்துவிட்டதென்று நீங்களே திருகைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கதை முடிந்தது. உத்தரவாதமும் அத்துடன் போய்விடும்.

நீங்களே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்துவதானால், ரேடியேட்டரின் திருகுத் துளைக்குள் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பித்தளையின் மஞ்சள் தெரிந்தால் நல்லது. வெள்ளையாக இருந்து, கையிலும் எடையில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். எந்த உலோகம் என்று எழுதாத பொருளை வாங்காதீர்கள். கணினிப் பாகங்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், தொழில் தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார்.

ஊற்ற வேண்டியது, தயாரிப்பாளர் விற்கும் கலவை. அல்லது காய்ச்சி வடித்த நீருடன் அரிப்புத் தடுப்பானும், பாசியும் கிருமியும் வளராமல் தடுக்கும் உயிர்க்கொல்லியும். வடித்த நீர் மட்டும் போதாது. வெளிச்சம் படும் ஒளிபுகு குழாயில் பாசி பிடிக்கும். பால் போன்ற வெளிர்நிறத் திரவங்களில் நுண்துகள்கள் மிதக்கின்றன. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், தினமும் ஓடும் கணினியில் அந்தத் துகள்கள் நான் சொன்ன அதே இடுக்குகளில்தான் போய்ப் படியும். எந்தக் கலவையானாலும் ஓராண்டில் மாற்றிவிடுங்கள்.

"மின்சாரம் கடத்தாத திரவம், கசிந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று புட்டியில் போட்டிருப்பதை நம்பிக் கவலையில்லாமல் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புட்டியில் இருக்கும்போது அது உண்மையாக இருக்கலாம். செம்பையும் நிக்கலையும் தொட்டுப் பல மாதங்கள் சுற்றிய பிறகு அதில் அயனிகள் கலந்திருக்கும். கசிந்து விழுவதும் மதர்போர்டில் படிந்திருக்கும் தூசியின் மேல்தான்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் வரை எடுக்கும். அவ்வளவு வெப்பத்தையும் ரேடியேட்டர் உங்கள் அறைக்குள்தான் கொட்டுகிறது. நம் ஊரில் பகலில் 32 டிகிரி என்றால் திரவம் அதற்குக் கீழே ஒருபோதும் போகாது. கதவைச் சாத்திய வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் இன்னும் மோசம். திரவத் தொட்டிக்குள் ஐஸ் போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் குழாய்க்கு வெளியே வியர்த்துப் பலகையில் சொட்டும். திரவம் முழுதாகச் சூடேற அரைமணி நேரமாவது பிடிக்கும், எனவே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

புதிதாகப் பொருத்தியதும் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ காகிதம் வையுங்கள், ஒரு துளி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள், அதன் விலை சில காசுதான். கூலண்ட் (குளிர்விப்புத் திரவம்) புட்டியைச் சிறு பிள்ளைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். சிலவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு.

கசிவைப் பார்த்துவிட்டால் முதலில் சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பட்ட பாகங்களைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, குறைந்தது இரண்டு நாள் உலரவிடுங்கள். மேலே துடைத்துவிட்டு "ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்ப்போம்" என்று மட்டும் சுவிட்சைப் போடாதீர்கள். என்னிடம் வரும் கார்டுகளில் காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்த பல, அந்த ஒரு தடவையில்தான் எரிந்திருக்கின்றன.