அகன்ற எஞ்சின் குறைவாகக் குடிக்கும்

விமான எஞ்சின் பராமரிப்பு என் தொழில். “வாயே இவ்வளவு அகலமாக இருக்கிறதே, எரிபொருளை எவ்வளவு குடிக்கும்?” என்று பலர் கேட்பதுண்டு. விஷயம் நேர்மாறானது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு விமானங்களில், முன்விசிறி எதில் பெரிதோ அதுதான் பெரும்பாலும் சிக்கனம்.

விமானம் முன்னே போகக் காற்றைப் பின்னே தள்ள வேண்டும். கொஞ்சம் காற்றை அசுர வேகத்தில் தள்ளலாம், அல்லது நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளலாம். ஓடுபாதையில் நிற்கும் விமானத்தில், அதே அளவு காற்றை இரு மடங்கு வேகத்தில் தள்ளினால் உந்துவிசை இரு மடங்காகும். அந்தக் காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றலோ நான்கு மடங்கு. 1958-இல் சேவைக்கு வந்த போயிங் 707-இன் டர்போஜெட், அதாவது முன்விசிறி இல்லாத ஜெட் எஞ்சின், முதல் வழியில் போனது. அதன் காதைப் பிளக்கும் சீற்றத்தைப் பலர் வலிமை என்று நினைத்தார்கள். வீணாகப் போகும் ஆற்றலின் அடையாளம் அது.

முன்விசிறி வைத்த எஞ்சின்தான் டர்போஃபேன். அதில் விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி எரியறைக்குள் போகாமல், சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும். உள்ளே போகும் ஒரு பங்குக்கு வெளியே எத்தனை பங்கு என்பதுதான் பைபாஸ் விகிதம். போயிங் 737-200-இன் எஞ்சினில் அது ஏறக்குறைய 1. பின்னால் வந்த சிஎஃப்எம்56 எஞ்சினில் 5-ஐ ஒட்டி. 2016-இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 நியோவில் லீப் எஞ்சினுக்குச் சுமார் 11. அதே விமானத்துக்கு மாற்றாகக் கிடைக்கும், கியர் வைத்த பிராட் அண்டு விட்னி எஞ்சினுக்கு 12-க்கும் மேல். விசிறி மெதுவாகவும் அதைச் சுழற்றும் டர்பைன் வேகமாகவும் ஓட அந்தக் கியர் வழிவிடுகிறது. பழைய ஏ320-ஐவிட நியோவில் சுமார் 15% மிச்சம் என்கிறார்கள். அதில் இறக்கை நுனி வடிவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, விசிறியை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே? எடையும் காற்றுத்தடையும் ஏறும். தரைக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடமும் வேண்டும். தாழ்ந்து நிற்கும் 737 மேக்ஸில் லீப்பின் விசிறி சிறியது, விகிதமும் 9-தான். குறுந்தூரத்துக்கு ஏடிஆர் 72 போன்ற, வெளியே சுழலும் இறக்கைச்சுழலி வைத்த டர்போப்ராப் விமானங்களே சிக்கனம்.

அப்புறம், புது எஞ்சினின் கணக்கு பழைய எஞ்சினுக்குப் பொருந்தாது. உள்ளே வரும் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் இதழ்களில் தூசியும் உப்பும் படிந்தால், அதே உந்துவிசைக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். எரியும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வானில் கலக்கிறது. அதனால்தான் எஞ்சினைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வேலையை நான் சில்லறை வேலையாக எண்ணுவதில்லை. பின்பக்கம் கறுப்பாக வழிந்த தண்ணீர் தெளியும்வரை அங்கேயே நிற்பேன். அடுத்த பயணத்தின் பதிவில் அந்த வெப்ப அளவு சில டிகிரி இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.