வாயில் என்று சொல்லுங்கள், கதவு வேண்டாம்

சென்னையின் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 7400 என்னும் ஐசி சில்லு வாங்க நின்றிருந்தேன். அருகில் நின்ற பாலிடெக்னிக் மாணவரின் தமிழ்க் குறிப்பில் மறுபடியும் அதே சொல்: 'தர்க்கக் கதவு'. இந்த ஆண்டில் எத்தனை முறை பார்த்துவிட்டேன்! 0, 1 என்னும் மின்குறிகளை உள்ளே வாங்கி, ஒரு விதிப்படி 0 அல்லது 1-ஐ வெளியே தரும் சிறு மின்சுற்றுதான் லாஜிக் கேட். அது கதவு அன்று, வாயில்.

'இல்வாய்' முன்பின்னாக மாறி வாயில் ஆனது. வாசல் அதன் திரிபு. ஆறாம் குறள் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்கிறது. புலன்கள் வாயில்கள், அவற்றின் வழியேதான் வெளியுலகம் உள்ளே வருகிறது. மின்குறிக்கும் இச்சொல் அப்படியே பொருந்துகிறது.

திறந்து மூடுவதால் கதவு என்கிறார்கள். இரண்டு உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தருவது ஆண்ட் (AND) வாயில். அதன் ஓர் உள்ளீட்டில் 0 வைத்தால், மற்றதில் எது வந்தாலும் வெளியீடு 0. 1 வைத்தால் வந்தது அப்படியே போகும். சரி, மூடித் திறப்பதாகவே வைத்துக்கொள்வோம். நாட் (NOT) வாயிலில் எதை மூடுவது? 0 வந்தால் 1 போகிறது, 1 வந்தால் 0 போகிறது. அங்கே எதுவும் தடுக்கப்படுவதே இல்லை.

உண்மையில் திறந்து மூடுவது சுவிட்ச். 1937-இல் அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் தம் முதுநிலை ஆய்வேட்டில், 0, 1 இரண்டை மட்டும் கொண்ட பூலின் இயற்கணிதத்தைப் பொருத்திக் காட்டியது மின்காந்தத்தால் இயங்கும் ரிலே சுவிட்சுகளில்தான். இன்று அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. ஆண்ட் வாயிலின் விடையைத் தலைகீழாக்கித் தருவது நாண்ட் (NAND) வாயில். சீமாஸ் (CMOS) என்னும் சில்லு அமைப்பு முறையில் இரண்டு உள்ளீடு கொண்ட நாண்ட் வாயிலுக்குள் நான்கு டிரான்சிஸ்டர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முனைக்குக் கேட் என்றே பெயர். மின்னோட்டத்தை விடுவதும் நிறுத்துவதும் அந்த முனை. அதைக் கதவு என்றால் மனமார ஒப்புக்கொள்வேன். இரண்டையும் கதவு என்றால் ஒரு கதவுக்குள் நான்கு கதவு! ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இருக்கிறது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருந்தும் ஏன் ஒன்றை வீணாக்க வேண்டும்?

ஒரு வாயிலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகிறது. 7400-இல் உள்ள நான்கு நாண்ட் வாயில்களைக் கோத்தால், உள்ளீடுகள் வேறுபட்டால் மட்டும் 1 தரும் ஓர் எக்ஸ்ஆர் (XOR). ஒன்பதைக் கோத்தால், 0, 1 இலக்கங்கள் மூன்றைக் கூட்டும் முழுக்கூட்டி. இரண்டைக் குறுக்காகப் பிணைத்தால், ஒரு 0-வையோ 1-ஐயோ காக்கும் ஒரு பிட் நினைவு. கணினி எழுவது இப்படித்தான். திருவல்லிக்கேணிக் கோயிலிலும் வாயில் கடந்து வாயில் போகிறோம். கதவு கடந்து கதவு என்று எவரும் சொல்வதில்லை.

லாஜிக் கேட்டை ஈழத்தார் படலை என்கிறார்கள். வேலியின் நுழைவழி அது, அழகான சொல். அதோடு எனக்குப் பிணக்கில்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்மீதுதான் கோபம். மின்சுற்றை ஒருமுறை வரைந்து பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டார்கள். பள்ளியில் வாயில் என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இந்தக் குறிப்புகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

அந்த மாணவர் என்னிடம் கேட்டார்: "வாயில் வேறு, கதவு வேறா சார்? பரீட்சைக்கு இரண்டையும் படிக்க வேண்டுமா?"