பாயில் ஆடும் உல்லன் நூல் என்ன சொல்கிறது

காசிமேட்டில் பைபர் போட் வருவதற்கு முன்னால் எங்கள் நைனா கட்டுமரத்தில் பாய் கட்டிக் கடலுக்குப் போனவர். துறைமுகத்துக்குள் நான் லேசர் என்கிற, ஒரே ஆள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகைப் பழக ஆரம்பித்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கயித்தை விட்டுப் பாரு, பாய் படபடன்னு அடிச்சா கொஞ்சம் இழு, அதோட நிறுத்து."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் எனக்கு ஏறவில்லை. லேசருக்கு ஒரே பாய், 7.06 சதுர மீட்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டியதும் இதே படகுதான், பாய் மட்டும் கொஞ்சம் சிறியது. நான் கயிற்றை இறுக்கி இழுத்துக்கொண்டே இருந்தேன், பாயும் இஸ்திரி போட்டதுபோல விறைப்பாக அழகாக நின்றது, ஆனால் பக்கத்தில் வந்த படகெல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. காரணத்தைக் காட்டிக் கொடுத்தது பாயின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்த ஒரு சாண் உல்லன் நூல். அதற்கு டெல்டேல் என்று பெயர்.

காற்று பாயின் முன்விளிம்பில் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடுகிறது. காற்று வரும் பக்கத்தில் அழுத்தம் அதிகம். மறுபக்கம், அதாவது புடைத்திருக்கும் பக்கம், காற்று வேகமாக ஓடுவதால் அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் படகை இழுக்கிறது. ஆனால் மறுபக்கத்துக் காற்று துணியை ஒட்டியே ஓட வேண்டும். பாயை அளவுக்கு மீறி இழுத்தால் அந்த வளைவோடு திரும்ப முடியாமல் காற்று துணியிலிருந்து பிய்ந்து சுழலாக உடைகிறது, இழுவிசை சரிகிறது. கவனியுங்கள், பாய் தளர்ந்திருந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுகியிருந்தால் ஒரு சத்தமும் வராது, பார்க்கவும் நன்றாகவே இருக்கும். அதைக் கண்ணுக்குக் காட்டுவது மறுபக்கத்து நூல் மட்டும்தான்.

துறைமுகத்தைத் தாண்டி திருவொற்றியூர்ப் பக்கம் போகிறோம், மதியத்துக்கு மேல் கடற்காற்று வலப்பக்கமிருந்து வருகிறது, பாய் இடப்பக்கம் விரிந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டு நூலும் பின்னோக்கி நேராக ஓடினால் சரி, கையை அசைக்காதீர்கள். வலப்பக்க நூல் மேலே தூக்கி ஆடினால் பாய் தளர்ச்சி, கயிற்றை இழுங்கள். இடப்பக்க நூல் சுழன்றாலோ தொங்கினாலோ இறுக்கம், விடுங்கள். எந்தப் பக்கத்து நூல் ஆடுகிறதோ அந்தப் பக்கமாகப் பாய் நகர வேண்டும், அவ்வளவுதான். காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும்போது கயிறு ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருக்கும், அப்போது பாய்க்குப் பதில் சுக்கான் கைப்பிடியை ஆடும் நூலின் பக்கம் நகர்த்த வேண்டும். இது முதலில் தலைகீழாகத் தோன்றும், இரண்டு நாளில் கை பழகிவிடும்.

மறுபக்கத்து நூலை எப்படிப் பார்ப்பது? மெல்லிய வெள்ளைத் துணி, வெயிலில் நிழல் தெரியும். இரண்டையும் ஒரே உயரத்தில் ஒட்டினால் எது எந்தப் பக்கம் என்று குழம்பும், அதனால் ஒன்றைக் கொஞ்சம் மேலே, ஒன்றைக் கொஞ்சம் கீழே, இரண்டு நிறத்தில் ஒட்டுங்கள். பாய்மரத்தின் பின்னால் காற்று எப்போதும் கலங்கியே இருக்கும் என்பதால் ஒரு முழமாவது தள்ளி ஒட்டுவது நல்லது. தையல் பக்கத்தில் வேண்டாம், நூல் அதில் மாட்டிக்கொள்ளும். வண்ணாரப்பேட்டை ஃபேன்சி கடையில் வாங்கும் ஒரு உருண்டை நூல் ரொம்ப நாளைக்கு வரும்.

பெரிய கப்பலின் மறைவில் போகும்போது எல்லா நூலும் ஒரேயடியாகக் கூத்தாடும். அங்கே காற்றே உடைந்து வருகிறது, துரத்தாதீர்கள், கடக்கும்வரை பொறுங்கள். காற்று நேர் பின்னாலிருந்து அடிக்கும்போதும் நூலை மறந்துவிடலாம். அப்போது பாய் காற்றைத் தடுத்துத்தான் ஓடுகிறது, ஒட்டி ஓடும் காற்று என்ற பேச்சே இல்லை.

அப்புறம், உப்புத்தண்ணீர் பட்ட நூல் துணியோடு ஒட்டிக்கொண்டு நேராக ஓடுவதுபோலவே ஏமாற்றும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி விடுங்கள்.